ஜெயரூபி அழிக்க மறுத்த வரி

ஜெயரூபி செய்கிற வேலையை எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த ஏலாது. நான் முயன்று பார்த்து வெட்கப்பட்டவன். "நல்லா ஓடுற மெஷினுக்குள்ள பிழை தேடுற பிள்ளை" என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நேரம் எனக்கும் அது பகிடிதான்.

திருகோணமலை உள்துறைமுக வீதியில் என் கராஜ் இருக்கிறது. படகு எஞ்சின் திருத்துகிறேன். மேல்மாடியில் ஒரு கம்பனி. படகுக்குள் பூட்டுகிற கறுப்புப் பெட்டி ஒன்றை அவர்கள் செய்கிறார்கள். படகு கடலில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தப் பெட்டி கம்பனிக்கு அனுப்பும். அங்கே சுவரில் மாட்டியிருக்கிற பெரிய ஸ்கிரீனில் ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளி. மொத்தம் இருபத்துமூன்று படகு, இருபத்துமூன்று புள்ளி. பெட்டியைப் படகில் பூட்டிக் கொடுக்கிற வேலை என்னுடையது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அந்தப் பெட்டிகளில் இருக்கிற ஒவ்வொரு திருகாணியும் என் கையால் முறுக்கியது.

மனேஜர் கஜீபன் கொழும்பில் படித்துவிட்டு வந்தவன். படகுத்துறை மண்ணுக்கும் மினுக்கின சப்பாத்தோடுதான் வருவான். நல்ல பிள்ளைதான், ஆட்கள் வந்து நின்று புகழுகிற வரைக்கும்.

ஜெயரூபிக்கு ஊர் சாம்பல்தீவு. காலை ஏழரை பஸ்ஸில் வருவாள். வயது முப்பத்துநாலு. முந்தி ஒரு ரியூட்டரியில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் சொல்லிக் கொடுத்தவள். மிச்சத்தை அவளே இன்ரநெற்றில் பார்த்துப் படித்தாளாம். புருஷன் ரஜீவன் வீடுகளுக்குக் கரண்ட் இழுத்துக் கொடுக்கிற வயர்மன். மகள் இரண்டாம் வகுப்பு. கம்பனியில் அவளுக்கு ஆறு மாதக் கொன்ட்ராக்ட். அது முடிய நிரந்தர வேலைக் கடிதம் தரலாம், தராமலும் விடலாம். இந்த வேலைக்குத் திருகோணமலையில் வேறு இடம் இல்லை. கடிதம் வராவிட்டால் கொழும்புக்குப் போய் போர்டிங்கில் நின்று, இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வந்து மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். இதை முதல் நாளே என் படிக்கட்டில் நின்று சொன்னாள். பஸ் நேரம் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

அவள் செய்த வேலையை எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. அதற்கு அடியில் கிடந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற புரோகிராமுக்குக் கேர்னல் என்று பெயர். அது இல்லாவிட்டால் பெட்டி வெறும் தகரம். கேர்னல் இந்தக் கம்பனி எழுதியதும் இல்லை. உலகத்தில் ஆயிரம் பேர் எழுதிப் பொதுவில் விட்டது. யாரும் எடுத்துப் போடலாம். எழுதினதை மெஷினுக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக் கொடுக்க இன்னொரு புரோகிராம் இருக்கிறது, அது கொம்பைலர். முழுப் பிழை என்றால் கொம்பைலர் மாற்றமாட்டேன் என்று நின்றுவிடும். 'இது பிழையோ தெரியாது, ஒருக்கால் பார்' என்கிற மாதிரி இருந்தால் ஒரு எச்சரிக்கையை எழுதி வைத்துவிட்டுத் தன்பாட்டுக்கு வேலையை முடிக்கும். பெட்டியும் ஓடும். அதனால் அதை ஒருவனும் வாசிப்பதில்லை.

இந்தக் கம்பனிக் கேர்னலில் நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள். கொழும்பு இன்சூரன்ஸ் கம்பனி ஒன்று பெட்டிகளை வாங்க யோசித்திருந்தது. எச்சரிக்கை ஒன்றும் இல்லாத லிஸ்ட் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வேலைக்காகத்தான் ஜெயரூபியைப் பிடித்தது.

முதல் கிழமையே கஜீபன் வழி சொல்லிவிட்டான். படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"அக்கா, கொம்பைலரை வாயைப் பொத்தச் சொல்ல ஒரு கட்டளை இருக்குத்தானே. அதைப் போட்டு விடுங்கோ. நாலு நாளில முடியும்."

"அது வாயைப் பொத்தினா அது பாத்தது இல்லாமப் போகுமோ, ஸேர்?"

"லிஸ்டில இராதுதானே."

"ஓம். லிஸ்டில இராது."

அவ்வளவுதான். பிறகு தடித்த மட்டை போட்ட சீஆர் கொப்பி ஒன்று வாங்கி, ஒன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் இலக்கம் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஏன் வந்தது, என்ன செய்தாள் என்று எழுதினாள். முக்கால்வாசி ஒன்றுமில்லாத சங்கதி. யாரோ ஒருவன் ஒரு பேர் வைத்துவிட்டுப் பாவிக்காமல் விட்டிருப்பான். யாரோ ஒருவன் அடைப்புக்குறியை மறந்திருப்பான். அதற்கும் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து பார்ப்பாள். நான் கீழே இரண்டு எஞ்சின் கழற்றிப் பூட்டுகிற நேரத்தில் அவள் ஒரு கொமாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்கும் சம்பளமா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அவள் கோபிக்கவில்லை. திருப்பித் தந்தாள்.

அது நடந்தது கிண்ணியாப் படகுக்காரர் முஹம்மது தம்பி நானாவின் எஞ்சின் கராஜில் நின்ற நாள். எஞ்சின் சூடு கூடினால் பீப் பீப் என்று கத்துகிற ஒரு பசர் அதில் இருக்கும். கடலில் நிற்கிறவனுக்கு அந்தச் சத்தம் பிடியாது. இந்தக் கரையில் ஓடுகிற எஞ்சின்களில் பாதிக்குப் பசர் வயர் இல்லை. எல்லாம் நான் அறுத்தது.

"தவராசா, இந்தச் சத்தத்த ஒருக்கா நிப்பாட்டித் தா வாப்பா. காது ரெண்டும் போய்த்து" என்றார் நானா.

குறடு எடுத்து வயரை வெட்டினேன். ஜெயரூபி தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் நின்றாள்.

"அண்ணை, இப்ப சூடு குறைஞ்சிட்டுதோ?"

"சத்தம் குறைஞ்சிட்டுது பிள்ளை."

"அப்ப என்ரை வேலையை விட உங்கடை வேலை கெட்டித்தனம். வெட்டினா முடிஞ்சுது."

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "புள்ள நல்லாத்தான் குத்துது." இவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஐந்தரை மாதத்தில் நானூற்றுப் பதினொன்று முடிந்தது. மிஞ்சினது ஒன்று. வெள்ளிக்கிழமை கொழும்பு ஆட்கள் வருகிறார்கள். மாதம் முடிய ஜெயரூபியின் கொன்ட்ராக்டும் முடிகிறது. "வெள்ளி நல்லபடியாப் போனா திங்கள் கடிதம்" என்று கஜீபன் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டான்.

அந்தக் கடைசி எச்சரிக்கையை அவள் எனக்குக் கொப்பியில் கீறிக் காட்டினாள். பெட்டிக்குள் ஒரு சிப் இருக்கிறது, இடத்தைப் பார்த்துச் சொல்வது அதன் வேலை. கேர்னல் அதனிடம் கேட்கும். அது சரியாகப் பதில் சொன்னால் ஒரு இலக்கம் வரும். சொல்ல ஏலாவிட்டால் சைபருக்குக் கீழே, சய இலக்கமாக வரும். ஆனால் எழுதினவன் அந்தப் பதிலைப் போட்டு வைத்தது சய இலக்கம் நிற்க முடியாத ஒரு இடத்தில். அதற்கு அடுத்த வரியிலேயே, 'பதில் சைபருக்குக் கீழேயா?' என்று கேட்டிருக்கிறான். கொம்பைலர் சொல்கிறது: இந்த இடத்தில் இருக்கிற எதுவும் ஒருநாளும் சைபருக்குக் கீழே போகாது, நீ ஏன் கேட்கிறாய்?

"அப்ப சிப் செத்தாலும் பெட்டிக்குத் தெரியாது. கடைசியா எங்கை நிண்டதோ அதையே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும், அண்ணை."

"செத்தவன் நடக்கிறான் எண்டு சொல்லும்."

"நிக்கிறான் எண்டு சொல்லும்."

திருத்துவதற்கு ஒரு சொல்லை மாற்றினால் போதும். செவ்வாய்க்கிழமை அவள் மாற்றினாள். புதுக் கேர்னல் பெட்டிகளுக்குப் போனது. எச்சரிக்கை சைபர். அரை மணித்தியாலத்தில் மேலே ஒரு பெரிய சத்தம் கேட்டது. ஸ்கிரீனில் ஒன்பது புள்ளி அணைந்துபோய், பச்சை இருந்த இடங்களில் 'பதில் இல்லை' என்று கிடந்தது.

கஜீபன் கத்தினால் 'அக்கா' போய் 'மிஸ்' வந்துவிடும். "மிஸ், என்ன செய்து வைச்சிருக்கிறியள்? வெள்ளிக்கிழமை ஆக்கள் வரீனம்!"

"நான் ஒண்டையும் நிப்பாட்டேல்லை, ஸேர். முந்தியே நிண்டதுகள்தான். இப்பத்தான் சொல்லுதுகள்."

நானும் மேலே ஏறினேன். ஒன்பதும் நான் பூட்டின பெட்டிகள். எனக்கு வந்த கோபம் கஜீபனுக்கு வந்ததை விடப் பெரிது. "என்ரை பெட்டியெல்லாம் நல்லாத்தான் வேலை செய்தது. இந்தப் பிள்ளை கை வைச்ச பிறகுதான் இது" என்று அவனுக்கு முன்னால் சொன்னேன். சொன்னதை இப்போது மறைக்கவில்லை.

ஜெயரூபி ஸ்கிரீனில் ஒரு இடத்தைத் தொட்டாள். "இது நானாவின்ரை படகு. காலமை வரைக்கும் புறாத்தீவுக்கு வெளியில பச்சையா நிண்டது. நானாவுக்கு ஒரு கோல் எடுங்கோ, அண்ணை."

எடுத்தேன். நானா சத்தமாகத்தான் கதைப்பார், எல்லோருக்கும் கேட்டது.

"என்ர போட்டா? போட்டு இஞ்ச கரையில இரிக்கி. ஒம்பது நாளா பெயின்ற் அடிக்கிறன். ஏன் கேக்காய்?"

ஒன்பது நாளாக அந்தப் படகு கடலில் வலை போட்டுக்கொண்டு நிற்கிறது என்று இந்த ஒபிஸ் நம்பியிருக்கிறது. ரிப்போர்ட் அடித்துக் கொழும்புக்கும் அனுப்பியிருக்கிறது. கஜீபன் நெற்றியைத் துடைத்தான்.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய் நானாவின் படகில் ஏறிப் பெட்டியைக் கழற்றினேன். இடம் பார்க்கிற சிப்புக்குப் போகிற வயர் மூட்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தண்ணி உள்ளே போயிருக்கிறது. அந்த மூட்டுக்குச் சிலிக்கன் பசை பூசி ஒருநாள் காயவிட வேண்டும் என்று பெட்டியோடு வந்த கடதாசியில் படம் போட்டிருந்தது. படகுக்காரன் ஒருநாள் பொறுக்கமாட்டான். எனக்கும் பொறுமை இல்லை. வயருக்கு ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றி அனுப்பினேன். ஒன்றில்லை, பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ரேப் போட்டால் பார்க்கச் சரியாக இருக்கும்.

திரும்பி வந்து அந்தப் பச்சை மூட்டை அவளுடைய மேசையில் வைத்தேன். "ரேப்தான் சுத்தினனான்" என்றேன். வேறென்ன சொல்ல?

"படம் ஒண்டு எடுக்கட்டே, அண்ணை?"

"ஏன், பேப்பரில போடவோ?"

"இல்லை. கேர்னல்காரருக்கு எழுதிறன்."

அதுவும் ஒரு கூத்து. அவள் மாற்றின அந்த ஒரு சொல் பொதுக் கேர்னலிலும் பிழைதான். அதை எழுதின உலகத்து ஆட்களுக்கு இமெயிலில் அனுப்பினால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஒருவன் பார்த்துச் சேர்ப்பானாம். சம்பளம் இல்லை, நன்றிக்கடிதம் இல்லை. செவ்வாய் பின்னேரம் அனுப்பினாள். இமெயில் வெறும் எழுத்தாக வரவில்லை, திரும்ப அனுப்பு என்று பதில். அனுப்பினாள். வரி தொடங்குகிற இடத்தில் இடைவெளி பிழைத்துவிட்டது என்று பதில். அனுப்பினாள். இது உண்மையிலேயே எங்காவது நடந்ததா, இல்லை சும்மா வாசித்துக் கண்டதா என்று மூன்றாவது பதில். அதை வாசித்துவிட்டுத்தான் என் கராஜுக்கு இறங்கி வந்தாள்.

"அண்ணை, பிழையைக் கண்டு சொன்ன ஆளின்ரை பேரையும் அதில போடுறது வழக்கம். உங்கடை பேரைப் போடட்டே?"

"எனக்கு இமெயில் இல்லை."

"பேர் மட்டும் காணும்."

"என்னெண்டு போடப்போறாய்? ரேப் சுத்தினவன் எண்டோ?"

"மூட்டைத் திறந்து பாத்துச் சொன்னவர் எண்டு."

போடு என்றேன். எவனோ ஒரு வெள்ளைக்காரன் வாசித்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை கஜீபன் ஒரு முடிவோடு வந்தான். அன்று 'அக்கா' திரும்பியிருந்தது.

"அக்கா, நீங்கள் மாத்தின சொல்லைப் பழையபடி விடுங்கோ. அந்த 'சைபருக்குக் கீழேயா' எண்டு கேக்கிற வரி இருக்குத்தானே, அதை அழியுங்கோ. கேள்வி இல்லாட்டிக் கொம்பைலரும் கத்தாது. எச்சரிக்கையும் இல்லை, புள்ளியும் பச்சை. வெள்ளி முடிய எல்லாத்தையும் திருத்துவம்."

"ஏலாது, ஸேர்."

"ஒரு வரி."

"கடலில நிக்கிறவன் எங்கை எண்டு கேக்கிற ஒரே வரி அதுதான். ஒன்பது படகு பதில் இல்லை எண்டு சொல்லுவம். ஏன் எண்டும் சொல்லுவம். தவராசா அண்ணை மூட்டைத் திருத்துவார்."

"விருந்தாளிக்கு முன்னால ஒன்பது ஓட்டையைக் காட்டச் சொல்லுறியளோ?"

"ஓட்டை இருக்குத்தானே."

அவன் கதிரையை இழுத்துப்போட்டு, அவளுடைய மேசையிலேயே இருந்து, தானே அந்த வரியை அழித்தான். ஐந்தரை மாதத்தில் அவன் எழுதின கோட் அது ஒன்றுதான். அதுவும் எழுதினது இல்லை, அழித்தது.

வெள்ளிக்கிழமை மூன்று பேர் ஏசி வானில் வந்தார்கள். இருபத்துமூன்று புள்ளியும் பச்சை. நானாவின் படகு மறுபடி புறாத்தீவுக்கு வெளியில் வலை போட்டது. லிஸ்டில் எச்சரிக்கை சைபர். அவர்கள் தலையாட்டினார்கள், படம் எடுத்தார்கள், இறால் சாப்பிட்டார்கள். ஒருவராவது யன்னலால் எட்டிக் கடலைப் பார்க்கவில்லை. கீழே ஊருக்குள் திரிகிற மான் ஒன்று என் கராஜ் வாசலில் காட்போட் பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றது. அதை மட்டும் மூன்று பேரும் பார்த்து, அதையும் படம் எடுத்தார்கள். கஜீபன் அவர்கள் நீட்டின ஒப்பந்தத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தான்.

திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. மாதம் முடிய ஜெயரூபி சீஆர் கொப்பியை மேசையில் வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போனாள். அங்கே ஒரு கம்பனியில் இதே மாதிரி ஒரு வேலை. ரஜீவன் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுச் சில நாள் என் கராஜடியில் நிற்பான். பிள்ளைக்கு அவன் பின்னுகிற பின்னல் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது கழுத்துக்குக் கீழேயும் கிடக்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி நானும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ரேப் சுற்றின கை எது என்று எனக்குத் தெரியும்தானே.

கிடைத்த படகுகளில் மூட்டைத் திறந்து பசை பூசிக் கொடுத்தேன். ஒருநாள் காயட்டும் என்றால் படகுக்காரர் ஏசுவார்கள். ஏசட்டும். ஆனால் பாதிப் பேர் கரைக்கே வருவதில்லை. புள்ளிதான் பச்சையாக நிற்கிறதே, பிறகு எதற்கு வர வேண்டும்?

மூன்று மாதம் போனது. ஒருநாள் காலையில் மேலே அதே பெரிய சத்தம். இந்த முறை பதினாலு புள்ளி அணைந்துவிட்டது. கொழும்பு இன்சூரன்ஸ் கம்பனியிலும் அதே ஸ்கிரீன் இருக்கிறது, அவர்களுக்கும் பதினாலு அணைந்துவிட்டது. டெலிபோன் ஓயாமல் அடித்தது. கஜீபன் சப்பாத்து இல்லாமல், வெறும் சொக்ஸோடு படியில் இறங்கி வந்தான்.

"அண்ணை, உங்கடை பேர் எப்பிடி எங்கடை கேர்னலுக்குள்ளை வந்தது?"

விஷயம் இதுதான். அவன் வாசிக்காமல் வைத்த கையெழுத்துக்கு மேலே ஒரு விதி இருந்திருக்கிறது. பெட்டிக்குள் பொதுக் கேர்னலை, வெளிவருகிற நாளில், வெட்டாமல் கொத்தாமல் அப்படியே போட வேண்டும். புதிது வந்தது, போட்டான். அவன் அழித்த வரி அதில் திரும்பி வந்திருந்தது. அவள் மாற்றின சொல்லும் இருந்தது. அவள் நாலாவது தரம் அனுப்பின இமெயிலை அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். யார் இதைச் செய்தது என்று கஜீபன் தேடிப் போயிருக்கிறான். செய்தவர் ஜெயரூபி, திருகோணமலை. பிழையைக் கண்டு சொன்னவர் தவராசா, திருகோணமலை. கீழே ஒன்பது படகின் கதையும் உப்பு ஏறின மூட்டின் கதையும். உலகம் முழுக்க இந்தக் கேர்னல் ஓடுகிற மெஷினுக்கெல்லாம் அது போய்விட்டது, இனி யாரும் அழிக்க ஏலாது என்றான். சொல்லும்போது அழுகிற மாதிரி இருந்தது.

"அந்த வரியை அழிச்சுப்போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அழிச்சா ஒப்பந்தம் போயிடும், அண்ணை!"

என் முன்னாலேயே அவளுக்கு அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, பதினாலு படகு பதில் இல்லை எண்டு நிக்குது."

"பதினாலோ? நான் இருக்கேக்கை ஒன்பதுதானே, ஸேர்."

"இப்ப என்ன செய்யிறது?"

"முதலாவது, கொழும்பு ஆக்களுக்குப் பதினாலு எண்டு உங்கடை வாயால சொல்லுங்கோ. ரெண்டாவது, பதினாலையும் கரைக்குக் கூப்பிட்டு, தவராசா அண்ணை மூட்டுக்குப் பசை பூசி ஒருநாள் காயவிடட்டும். ஒருநாள், அண்ணை. கேக்குதோ?"

"கேக்குது" என்றேன்.

"அதுக்குப் பிறகும் அணைஞ்சு நிக்கிறதுகளைப் பாக்க ஒரு ஆள் வேணும் அக்கா. நீங்கள் வந்தால்..." என்று இழுத்தான்.

"கடிதத்தை அனுப்புங்கோ, ஸேர். கையெழுத்து வைச்சு. இந்த முறை வாசிச்சுப்போட்டு வையுங்கோ."

கடிதம் போனது. மாதம் முடிய அவள் திரும்பி வந்தாள். ஏழரை பஸ், அதே மேசை. கஜீபன் மன்னிப்புக் கேட்டதாக நான் அறியவில்லை. அவளும் கேட்டு வாங்கியதாக இல்லை. ஸ்கிரீனில் இப்போதும் இரண்டு மூன்று இடத்தில் 'பதில் இல்லை' என்று கிடக்கும். யாராவது ஆட்கள் வருகிறார்கள் என்றால் கஜீபன் முதலில் செய்கிற வேலை, ஸ்கிரீனை அணைத்துவிடுவது. கரண்ட் பிரச்சினை என்பான். ஜெயரூபியின் புருஷன் வயர்மன் என்பது அவனுக்கு ஞாபகம் இல்லை.

போன கிழமை புதுக் கொம்பைலர் ஒன்று வந்ததாம். பழையதுக்குக் கண்ணில் படாதது எல்லாம் இதற்குப் படுகிறது. புதிதாக நூற்றுமுப்பத்தேழு எச்சரிக்கை. ஜெயரூபி புது சீஆர் கொப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். நானா அன்றைக்கு வேறொரு எஞ்சினோடு கராஜில் நின்றார்.

"தவராசா, இதுவும் கெடந்து கத்துது. வயர வெட்டி உடு."

குறடு கையில்தான் இருந்தது. வெட்டவில்லை. மூடியைக் கழற்றி, எஞ்சினைக் குளிராக்கத் தண்ணி இழுக்கிற பம்பைத் திறந்தேன். உள்ளே றப்பர் விசிறியில் பாதி இதழ் இல்லை.

"இதென்ன புதுப் பழக்கம்? முந்தி ரெண்டு நிமிசத்தில முடிப்பாயே" என்றார் நானா.

"இண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் போகும். இருக்க ஏலாட்டி மேல போய்க் குந்துங்கோ. அங்கையும் ஒரு ஆள் இப்பிடித்தான், ஒரு கொமாவைப் பாத்துக்கொண்டு இருக்குது."